இரண்டாவது இழுப்பு

அத்தியாயம் 14

நாளைக் காலை ஏழு மணிக்குக் கார் வந்துவிடும். தம்பி பெண்டாட்டியை அவளுடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போகிறான். போன வாரம், கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் போன் பேச்சு முழுசாக விழுந்ததே, அந்த ஏற்பாடுதான். "கொஞ்ச நாளைக்கா?" என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "இல்ல, ஒரேயடியா" என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள்.

கேட்ட பிறகும் அக்கா துணியைத்தான் மடித்தாள். தலையணை உறை, துண்டு, தம்பியின் சட்டை. நாள் பூராவும் மூட்டை சுமந்த தோளில் கிள்ளினால் எப்படி உறைக்காதோ, அப்படி ஆகிவிட்டிருந்தது அவள் மனசு.

நாற்பத்தொரு நாளாக அப்படித்தான்.

தம்பிக்கு ஏழு குதிரைகள். சாயங்காலம் விருந்தாளிகளை மலைமேல் கூட்டிப்போய், சூரியன் இறங்குவதைக் காட்டி, புல்வெளியிலேயே சாப்பாடு போட்டு, பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்து விடுவது தொழில். தம்பி முன்னால். அவன் பெண்டாட்டி கடைசிக் குதிரையில் பின்னால். சமையல் அக்கா.

குதிரைக்குச் சேணம் கட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வயிற்றுப் பட்டையை இழுக்கும்போது அது மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும். நமக்கு இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். இருபது அடி நடந்தால் மூச்சு இறங்கிவிடும், பட்டை தொளதொளத்துவிடும். அதனால் வாசல் வரை நடத்திக்கொண்டு வந்து இரண்டாவது தடவை இழுக்க வேண்டும். அந்த இரண்டாவது இழுப்பு தம்பி பெண்டாட்டியின் பொறுப்பு. தம்பி முன்னாலிருந்து "கட்டியாச்சா?" என்பான். பின்னாலிருந்து "கட்டியாச்சு" என்று வந்தால்தான் முதல் குதிரை கிளம்பும்.

அன்றைக்கு வெயில் வேகமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. தம்பிக்கு அவசரம். "கட்டியாச்சா?" என்றான். வாசலை ஒட்டின சமையலறையில் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் துணியில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அக்கா, தன்னைத்தான் கேட்கிறான் என்று எண்ணி, ஜன்னல் வழியாக "கட்டியாச்சு!" என்றாள்.

முதல் குதிரை கிளம்பிற்று. ஒன்று கிளம்பினால் ஏழும் கிளம்பும். விருந்தாளி ஒருத்தரின் கால் மாட்டும் வளையத்தைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பி பெண்டாட்டி, நகர்கிற தன் குதிரைமேல் தாவி ஏறினாள். சமதளம் வந்ததும் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்கு முன்னால் ஓடை இறக்கம் வந்துவிட்டது. சேணம் புரண்டது. பாறை. இடுப்பெலும்பு.

"கட்டியாச்சுன்னு நீதானே சொன்னே" என்று தம்பி. "நான் வாயே திறக்கலை" என்று அவள். ஆஸ்பத்திரியில் தொடங்கி இன்றுவரைக்கும் வீட்டில் இந்த இரண்டு வாக்கியம்தான் எழுந்திருக்கிறது, குளிக்கிறது, சாப்பிடுகிறது, படுக்கிறது.

சொன்ன வாய் எது என்று அக்காவுக்குத் தெரியும். அந்த வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.

*

இன்றைக்குத்தான் அதற்கப்புறம் முதல் சவாரி. நாலு விருந்தாளிகள். பின்குதிரையில் போக ஆள் இல்லை. "நீ வாக்கா" என்று தம்பி சொல்லிவிட்டான். அக்காவுக்குக் குதிரை ஏறத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இந்த வீட்டில் இறங்கினவள், சமையலறையை ஒட்டின சின்ன அறையில் அந்தப் பெட்டியை வைத்தாள். அன்றிலிருந்து இங்கே என்ன வேலை இல்லையோ அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாத வேலை.

காலையில் வெந்நீர் கொண்டுபோனாள். தம்பி பெண்டாட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை ஒவ்வொரு அடியாக நடந்தாள்.

"இன்னைக்கு நீங்கதான் கடைசியாமே அண்ணி?"

"ஆமா."

"என் குதிரை சீமாட்டிய நம்பாதீங்க. மூஞ்சியப் பாத்தா வாயில்லாப் பூச்சி. பட்டைய இழுக்கறப்ப கல்யாண வீட்டுல சாப்பிட்ட மாதிரி வயித்த உப்பிக்குவா. இருபதடிக்கு முப்பதடியா நடத்திட்டு இழுங்க."

"சரி."

"உங்க தம்பிகிட்டயும் சொல்லிடுங்க, கட்டியாச்சுன்னு நீங்க சொன்னா அது நீங்கதானான்னு எதுக்கும் ஒருதடவ திரும்பிப் பாத்துக்கச் சொல்லி."

அக்கா வாளியில் தண்ணீர் விளாவினாள்.

"இடுப்புதான் அண்ணி உடைஞ்சது. காது உடையலை. நான் பேசினா எனக்குக் கேக்காதா? சரி, அவர விடுங்க. நீங்க சொல்லுங்க, நான் பொய் சொல்றவளா?"

"சோப்பு எங்க வெச்சே?" என்றாள் அக்கா.

 தம்பி பெண்டாட்டி ஜன்னல் கட்டையைக் காட்டினாள். அங்கேதான் இருந்தது, எப்போதும் இருக்கிற இடத்தில்.

*

மத்தியானமே அக்கா சாப்பாட்டுச் சாமான்களை ஜீப்பில் ஏற்றி, மேட்டுப் புல்வெளியில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். சூப் கூஜா, மசாலா தடவின கோழி, ரொட்டி, அலுமினியத் தாளில் சுற்றின உருளைக்கிழங்கு. சூப்பில் உப்பு சரியா என்று அவளுக்குத் தெரியாது. நாக்கில் வைத்தால் சூடு தெரிகிறதே தவிர ருசி தெரிவதில்லை. கரண்டியை எண்ணித்தான் போடுகிறாள்.

நாலரைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, தங்கையின் புருஷன். டாக்டர் குதிரையின் மேல் ஏறுவதற்கு முன்னால் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆண் குதிரைக்கு நாப்பது பல்லு. தெரியுமா?"

"அது நாப்பதையும் வெச்சுப் புல்லு தின்னுது" என்றாள் அவர் மனைவி. "நீங்க இருக்கிற முப்பத்திரண்ட வெச்சு ஊர்வாயத்தானே பாக்கறீங்க. ஏறுங்க முதல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். தொப்பியைச் சரித்து வைத்து, "வாங்க வாங்க, எல்லாரும் என்னைக் கேப்டன்னு கூப்பிடலாம், தப்பில்ல" என்றான். நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் சொன்ன அதே இடத்தில், அதே மாதிரி கண்ணடித்து.

அக்கா ஒவ்வொரு குதிரையையும் வாசல் வரை நடத்தி, பட்டைக்கடியில் விரல் விட்டுப் பார்த்து, இறுக்கி இழுத்தாள். சீமாட்டியைக் கடைசியாக இழுத்தாள். மூன்று துளை உள்ளே போயிற்று. அது பெருமூச்சு விட்டது. ஏறி உட்கார்ந்தாள்.

முன்னால் தம்பி கடிவாளத்தைக் கையில் எடுத்தான். அக்கா மூச்சை இழுத்து வைத்துக்கொண்டாள். இந்த வார்த்தையை அவள் சொல்லியாக வேண்டும். நாற்பத்தொரு நாளாக யாரும் எதைக் கேட்டாலும் "முடிஞ்சுது" என்கிறாள், "ஆயிடுச்சு" என்கிறாள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாய் தொடுவதில்லை.

"பட்டை இழுத்தாச்சா?" என்றான் தம்பி.

அவள் விழித்தாள்.

"அக்கா! பட்டை இழுத்தாச்சா?"

"இழுத்தாச்சு."

முதல் குதிரை கிளம்பிற்று.

*

மலைப்பாதை ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் மண்சரிவு, ஒரு பக்கம் மரங்களின் தலை. வெயில் மஞ்சளாகிக் குதிரைகளின் பிட்டத்தில் விழுந்து ஆடிக்கொண்டே போயிற்று.

"இந்த வளைவுக்கு மாமியார் வளைவுன்னு பேருங்க. எப்பத் திரும்பும்னு சொல்ல முடியாது!"

தங்கை சிரித்தாள். தங்கை புருஷன் மாமியார் காதில் விழப்போகிறது என்பதுபோலச் சுற்றிப் பார்த்தான். தம்பி அடுத்த வேடிக்கைக்குப் போனான். அவன் வாய் மட்டும் தனியாக ஒரு குதிரையில் போவதுபோல இருந்தது.

ஓடை இறக்கம் வந்தது. அக்கா உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். பாறை இருந்தது. வெறும் பாறை. அதன்மேல் ஒரு இலை ஒட்டியிருந்தது. அழுகை வருமோ என்று பார்த்தாள், குமட்டல் வருமோ என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சீமாட்டி வாலைச் சுழற்றி ஒரு ஈயை விரட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கிற்று.

தண்ணீரைத் தாண்டி மேலே ஏறும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வெறும் வயிற்றில் பசி வருகிற மாதிரி மெதுவாக வந்தது.

வார்த்தையை எதற்கு மாற்றினான்?

பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்று நாற்பத்தொரு நாளாகச் சாதிக்கிறான். பொய் சொன்னது அவள் வாய் என்றால், அந்த வாய் இன்றைக்கு இங்கே இல்லை. ஆள் மாறியாயிற்று. பிறகு வார்த்தையை மாற்ற வேண்டிய அவசியம் என்ன? சமையலறையில் ஒரு கட்டு, லாயத்தில் ஒரு கட்டு, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவன்தானே வார்த்தையை மாற்றுவான்?

நாலு குதிரைக்கு முன்னால் தம்பியின் முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயசில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த முதுகு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. யோசித்தால், புறப்பட்டதிலிருந்து அவன் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

*

மேட்டுப் புல்வெளியில் சூரியன் தட்டு மாதிரி நின்றுகொண்டிருந்தது. விருந்தாளிகள் பாறை விளிம்பில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் மனைவி, "பேசாம பாருங்களேன் கொஞ்ச நேரம்" என்றாள். டாக்டர் இரண்டு நிமிஷம் பேசாமல் பார்த்தார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

அக்கா கல் அடுப்பில் கரி மூட்டினாள். கோழியைக் கம்பியில் வைத்தாள். உருளைக்கிழங்கைத் தணலுக்குள் புதைத்தாள். தம்பி குதிரைகளை நிழலில் கட்டிவிட்டு வந்து தட்டுகளைத் துடைத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் சூப் கூஜா இருந்தது.

"ஏன்டா வார்த்தைய மாத்தினே?"

"எந்த வார்த்தை?"

"வாசல்ல. எப்பவும் கேக்கற மாதிரி கேக்கலையே."

தம்பி ஒரு தட்டைத் துடைத்து வைத்தான். இன்னொன்றை எடுத்தான்.

"சும்மாதான். வாயில வந்துது."

"பதினோரு வருஷமா வராதது இன்னைக்கு வந்துதா?"

 தட்டு காய்ந்த பிறகும் அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

"உன் குரல் எனக்குத் தெரியாதாக்கா?"

குரலை உயர்த்தாமல், சூப்பில் உப்பு குறைச்சல் என்கிற மாதிரி சொன்னான். அக்கா கோழித் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். ஒன்று கீழே விழுந்தது. எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன் பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. கட்டியாச்சுன்னு வந்தது ஜன்னல் பக்கத்துலேர்ந்துதானேன்னு."

"அப்புறம் எதுக்குடா அவமேல போட்டே?"

"ஆஸ்பத்திரில அவ அண்ணன் என் சட்டையப் புடிச்சான். யாருடா சொன்னது கட்டியாச்சுன்னு, யாருன்னு சொல்லுடான்னு கத்தறான். நீ அங்கதான் நின்னுட்டிருந்தே, செவுத்தோட செவுரா. கையில பிளாஸ்க்கு. உன்னப் பாத்தேன். வாயில வந்துடுச்சு, அவதான் சொன்னான்னு. மயக்கத்துலதானே இருக்கா, ஒரு நாள் போகட்டும், அப்புறம் மெல்ல மாத்திக்கலாம்னு நெனச்சேன்."

"மாத்தலியே."

"அவ கண்ண முழிச்சதும் மொத வார்த்தையே, நான் சொல்லலைன்னா. அதுக்கப்புறம் எப்படி மாத்தறது? மாத்தினா அவ அண்ணன் உன்ன இந்த வீட்டுல ஒரு நாள் விடுவானா? நீ எங்க போவே?"

கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். பதில் தெரிந்த கேள்வி.

அக்கா கோபம் வரும் என்று காத்திருந்தாள். தனக்காகத்தானே செய்தான் என்று நன்றியாவது வரும் என்று காத்திருந்தாள். தான் ஒருத்தி மட்டும் முழுங்கிவைத்திருக்கிறோம் என்று நினைத்து நாற்பத்தொரு நாள் இவனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இவனும் தெரிந்துகொண்டே "இன்னும் கொஞ்சம் சாதம் போடுக்கா" என்று தட்டை நீட்டியிருக்கிறான். தணலில் உருளைக்கிழங்கைத் திருப்பும்போது விரல் தாளில் பட்டது. தோல் சுருங்கிச் சிவந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"நாளைக்கு அவ போறா" என்றாள்.

"தெரியும்."

"ஒரேயடியா."

"தெரியும்க்கா. போய்க் கொஞ்ச நாள் இருந்தா ஆறிடும். பொண்டாட்டிதானே, நாளப் பின்ன கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடுவேன். உன்ன வெளிய அனுப்பிட்டா திரும்பக் கூட்டிட்டு வர எனக்கு எந்த மொகம் இருக்கும்?"

"கேப்டன்! இங்க வாங்க, குரூப் போட்டோ!" என்று தங்கை புருஷன் கூப்பிட்டான்.

தம்பி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். வைத்ததும் முகம் மாறிவிட்டது. "வந்துட்டேங்க! என்னை ஓரமா நிக்க விடாதீங்க, எங்கம்மா என்னை நடுவுலதான் நிக்க வெச்சு வளர்த்தாங்க!" என்று கையை விரித்துக்கொண்டு போனான்.

*

அந்த மேட்டில் ஒரு பாறையின்மேல் ஏறி நின்றால் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். அக்கா ஏறி நின்றாள். சூரியனில் பாதிதான் மிச்சம் இருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இறங்கியிருப்பாள்.

"சொல்லுங்க அண்ணி. சீமாட்டி ஒழுங்கா வந்தாளா?"

"வந்தா."

"எத்தன துளை உள்ள போச்சு?"

"மூணு."

"பாத்தீங்களா! கள்ளி. சரி, எதுக்குக் கூப்பிட்டீங்க? ஆள் யாரும் விழலையே?"

"இல்ல." அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "அன்னைக்குக் கட்டியாச்சுன்னு சொன்னது நான். சமையலறைலேர்ந்து. சாப்பாட்டக் கேக்கறான்னு நெனச்சுச் சொல்லிட்டேன். நீ சொல்லலை."

மறுபக்கத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. கட் ஆகிவிட்டதோ என்று அக்கா திரையைப் பார்த்தாள். கட் ஆகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இத எப்ப அண்ணி கண்டுபுடிச்சீங்க?"

"அன்னைக்கு ராத்திரியே. பாத்திரத் துணியோட முடிச்ச அவுக்கும்போது."

"அதுக்கப்புறம் அஞ்சு வாரம் எனக்கு வெந்நி வெச்சுக் குடுத்துருக்கீங்க."

"ஆமா."

 பிறகு தம்பி பெண்டாட்டி கேட்டாள். குரல் மாறியிருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது மாதிரி.

"அவருக்கு இது தெரியுமா?"

அக்கா கீழே பார்த்தாள். தம்பி விருந்தாளிகளுக்கு நடுவில் நின்று, டாக்டரின் தலையில் தன் தொப்பியை வைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் பல்லைக் காட்டினார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இங்கேயே இருப்பாள். தம்பிக்குக் குடும்பம் இருக்கும். தான் ஒருத்தி மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனால் கணக்கு நேராகிவிடும். அதற்கும் அவளுக்குச் சம்மதம்தான். ஆனால் இவளிடம் இன்னொரு தப்பு வார்த்தையைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ விழுந்ததுலேர்ந்து."

அவள் அழுவாள் என்று அக்கா நினைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. கட்டில் கிறீச்சிட்டது. யாரோ மெல்ல எழுந்து உட்காருகிற சத்தம்.

"நீங்க தப்பாக் கேட்டுட்டுச் சொன்னீங்க அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி. "அவரு சரியாக் கேட்டுட்டுச் சொன்னாரு."

அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"உங்க துணிமணியெல்லாம் எத்தன பை வரும்?"

"என்ன?"

"துணி, அண்ணி. எத்தன பை?"

"ரெண்டு... ரெண்டு இருக்கும். எதுக்கு?"

"எங்கண்ணன் கார் சின்னது. ஒரே பையாச் சுருக்குங்க. பின் சீட்டுல உக்காந்துக்கலாம். எங்கண்ணன் கத்துவான். கத்தட்டும், அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

போன் கட் ஆயிற்று.

அக்கா பாறையிலிருந்து இறங்கினாள். கால் தரையில் பட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கீழே டாக்டர், "அம்மா, உருளைக்கிழங்கு கருகுற வாசனை வருதே!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி, "பல்லு மட்டுமில்ல, மூக்கும் பாக்கறாரு" என்றாள்.

தம்பி அடுப்பிலிருந்து கம்பியை இழுத்துவிட்டு, கையில் இடுக்கியோடு அவளை நோக்கி வந்தான். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான், அன்றைக்கு முதல் தடவையாக.

"யாருக்கா போன்ல?"

"உன் பொண்டாட்டி."

இடுக்கி நின்றது.

"என்னவாம்?"

அக்கா குனிந்து, தணலிலிருந்து உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். கருகினதை மட்டும் ஒதுக்கினாள்.

"கார்ல இடம் இருக்காம்" என்றாள்.